குஞ்சின் முதல் இரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கூலாய் கடலைப் பார்க்காத ஊர். தெற்கே ஜொகூர் நீரிணைக்குப் போக வேண்டுமானால் சுமார் 30 கிலோமீட்டர். மேற்கே குனோங் பூலாய் மலை. எந்தச் சாலையில் திரும்பினாலும் செம்பனை. ஆனால் மீன் வளர்ப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மலேசியாவின் அலங்கார மீன் உற்பத்தியில் ஜொகூர் முன்வரிசை மாநிலம். கப்பி, டெட்ரா, பார்ப், டிஸ்கஸ் என்று பண்ணைக் குளங்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் பெருகும் மீன்கள் இங்கிருந்து சிங்கப்பூர் வழியாக உலகம் சுற்றுகின்றன. பத்து பஹாட் அரோவானாவைத் தெரியாத மீன்பிரியர் இருக்க முடியாது. இவை எல்லாமே நன்னீர் மீன்கள்.

இதே வட்டாரத்தில் ஒரு மீன் கடைக்குள் போய் உப்புநீர்த் தொட்டிகளின் முன் நின்றால் கதை மாறுகிறது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் பண்ணையில் பிறந்ததாக இருக்கலாம். அதற்குப் பக்கத்துத் தொட்டியில் நீந்தும் நீல டாங், ஏஞ்சல், பட்டாம்பூச்சி மீன்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பவளப்பாறையில் வலைபோட்டுப் பிடித்தவை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ஆய்வுப் பிரிவு 2003இல் வெளியிட்ட அறிக்கை, 1,471 இனக் கடல் மீன்கள் அலங்காரத்துக்காக விற்கப்படுவதாகவும் ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி மீன்கள் கைமாறுவதாகவும் கணக்கிட்டது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பான்மை பண்ணையில் பிறந்தவை; கடல் மீன்களில் பெரும்பான்மை கடலில் பிறந்தவை. நூறாண்டுக்கு மேலாக நன்னீர் மீனைத் தொட்டியில் பெருக்கத் தெரிந்த மனிதனுக்குக் கடல் மீன் மட்டும் ஏன் பிடிகொடுக்கவில்லை?

முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். கடலில்லாத ஊரில் கடல் மீனா என்று கேட்கத் தோன்றும். உண்மையில் தண்ணீர் தீர்ந்துபோன பிரச்சினை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சமையல் உப்பைக் கொட்டினால் அது கடலாகிவிடாது; மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் உரிய விகிதத்தில் சேர வேண்டும். அப்படிக் கலந்த செயற்கைக் கடலுப்பு மூட்டையாகவே விற்கிறது. ஆயிரம் லிட்டருக்கு 35 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை நீக்கிவிட்டு, உப்பைக் கரைத்து, ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்து, உப்பளவுமானியில் பார்த்துவிட்டால் கூலாயிலும் கடல்நீர் தயார்.

கரையோரத்தில் இருப்பதைவிட இப்படித் தள்ளி இருப்பதில் ஒரு வசதிகூட உண்டு. 2014 பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் நச்சுப் பாசி பெருகி, கூண்டுகளில் வளர்த்த மீன்கள் செத்து மிதந்தன. நீரிணைத் தண்ணீரை நேரடியாக இறைப்பவருக்கு அந்த ஆபத்து எப்போதும் தலைக்குமேல் இருக்கிறது. மூட்டை உப்பில் நச்சுப் பாசியும் வராது, ஒட்டுண்ணியும் வராது.

சரி, முட்டை? அதுவும் கைவராத வித்தையல்ல. நல்ல தீனியும் நிலையான தண்ணீரும் கிடைத்தால் பல கடல் மீன்கள் தொட்டியிலேயே முட்டையிடுகின்றன. உலகின் பெரிய காட்சிசாலைகளில் டாங் மீன்களும் ஏஞ்சல் மீன்களும் அந்தி மயங்கும் வேளையில் இணைந்து மேலெழும்பி ஆயிரக்கணக்கில் முட்டைகளைத் தண்ணீரில் விடுவது வழக்கமான காட்சி. விடிவதற்குள் அவை வடிகட்டிக்குள் போய்விடும். முடிச்சு முட்டைக்குப் பிறகுதான் விழுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு தன் வாழ்க்கையின் முதல் கவளத்தைத் தின்ன வேண்டும். அதன் வாய்க்குள் நுழையக்கூடிய இரை அந்த நேரத்தில் அதன் கண்முன் இருக்க வேண்டும். கடல் மீன் வளர்ப்பின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கவளத்தைத் தேடிய வரலாறாகச் சொல்லிவிடலாம்.

கோமாளி ஏன் முதலில் வசப்பட்டது

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ என்ற கடலுயிரியலாளர் கோமாளி மீனை விற்பனை அளவுக்கு வளர்த்துக் காட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களில் இந்த மீன் முந்திக்கொண்டதற்கு அதன் பழக்கவழக்கமே காரணம்.

கோமாளி மீன் கடல் சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையில் குடியிருப்பது. வீட்டைவிட்டு அதிக தூரம் போகாது. ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். அதில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறுசுகள். பெண் இறந்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறும். சிறுசுகளில் மூத்தது ஆணாகும். இந்த ஏற்பாடு வளர்ப்பவருக்குப் பெரிய வரம். ஆண் எது, பெண் எது என்று தேடி அலைய வேண்டாம். அளவில் வேறுபட்ட இரண்டு இளம் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் சில மாதங்களில் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் நிலைபெறும். தொட்டியில் சாமந்தி இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கவிழ்த்துவைத்த மண்சட்டியோ ஓட்டுத்துண்டோ போதும்.

இணை அமைந்துவிட்டால் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறைகூட முட்டையிடும். முட்டைகள் மிதந்து போவதில்லை. ஓட்டின் மேல் வரிசைவரிசையாக ஒட்டப்பட்டு நிற்கும். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளம். ஒரு ஈட்டில் சில நூறு. முதல் நாள் பளிச்சென்ற ஆரஞ்சு. கருவில் மஞ்சள்கரு குறையக் குறைய நிறம் மங்கிப் பழுப்பாகும். பிறகு ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் மின்னும். அவை கண்கள். இந்த நாட்கள் முழுக்க ஆண் மீன் காவல் நிற்கும். செவுள்துடுப்பால் விசிறிப் புதுநீர் பாய்ச்சும். பூஞ்சை பிடித்த முட்டையைத் தேடிக் கடித்து அகற்றும்.

தண்ணீர் 27, 28 டிகிரியில் இருந்தால் ஏழாம் எட்டாம் நாள் முட்டை பொரியும். பகலில் பொரியாது. விளக்கணைந்து இருட்டிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்து முடியும். கண்கள் நன்றாக மின்னத் தொடங்கிய அன்று மாலையே பண்ணைக்காரர் ஓட்டைப் பெயர்த்தெடுத்து, தாய்த்தொட்டியின் தண்ணீரையே நிரப்பிய வேறொரு தொட்டியில் வைப்பார். தந்தையின் துடுப்பு செய்த வேலையை இனிக் காற்றுக்கல் செய்ய வேண்டும். குமிழ்கள் ஓட்டின் ஓரமாக உரசிக்கொண்டு எழும்படி அதைப் பொருத்துவார். அறையை இருட்டாக்கிவிட்டு, பிறகு ஒரு சிறு டார்ச்சை ஒரு மூலையில் பிடித்தால் ஒளியை நோக்கித் துடித்துக்கொண்டு வரும் கண்ணாடி ஊசிகளாகக் குஞ்சுகள் தெரியும். நீளம் 3, 4 மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஊடுருவிப் பார்க்கலாம். கண்கள் மட்டும் கறுப்பு. அவற்றுக்கு வாய் திறந்திருக்கிறது. பார்வை இருக்கிறது. மஞ்சள்கரு கொஞ்சம்தான் மிச்சம். விடிந்ததும் பசிக்கும்.

வாளிக்குள் ஒரு சங்கிலி

அந்தப் பசிக்கு எதைப் போடுவது? தூள் தீனி உதவாது. பிறந்த கடல் மீன் குஞ்சு அசைவதைத்தான் இரையென்று அறியும். உயிருள்ள, அசையும், 100 முதல் 200 மைக்ரான் அளவுள்ள ஒன்று வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாக வெட்டினால் ஒரு துண்டு 100 மைக்ரான்.

விடை ஜப்பானின் விலாங்குமீன் குளங்களிலிருந்து வந்தது. அங்கே ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் திடீரெனப் பெருகிக் குளத்தின் பச்சைத் தண்ணீரை வெளுக்கவைத்துத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. 1960இல் தகாஷி இதோ என்ற ஆய்வாளர் அதையே கடல் மீன் குஞ்சுகளுக்கு இரையாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதன்பின் உலகின் குஞ்சு பொரிப்பகங்கள் பலவும் ரோட்டிஃபரின் மேல்தான் நிற்கின்றன. கடைத்தட்டுக்கு வரும் பண்ணைக் கொடுவாவும் அதைத் தின்று வளர்ந்ததுதான்.

ரோட்டிஃபரை வளர்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாளி, மெல்லிய காற்றோட்டம், கடலைவிடச் சற்று உப்புக் குறைந்த தண்ணீர், கூடவே நுண்பாசி. பாசிகளில் நன்னோகுளோராப்சிஸ் பெரிதும் புழங்குவது. அதன் ஒரு செல் 2 முதல் 5 மைக்ரான்தான். பாசியை ஊற்றியதும் வாளி பச்சையாகும். சில மணி நேரத்தில் பச்சை வெளிறினால் ரோட்டிஃபர்கள் நலமாகத் தின்கின்றன என்று பொருள். ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்துக்கெதிரே பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தால், வெண்தூசி போன்ற புள்ளிகள் சுழன்றுசுழன்று நகர்வது தெரியும். பெண் ரோட்டிஃபர் ஆணின் துணையில்லாமலே முட்டையிடும். சூழ்நிலை ஒத்துவந்தால் ஓரிரு நாளில் கூட்டம் இரட்டிப்பாகும். தினமும் நாலில் ஒரு பங்கை மெல்லிய சல்லடைத் துணியில் வடித்தெடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீரும் பாசியும் சேர்க்க வேண்டும்.

பெருகுகிற வேகத்திலேயே அழியவும் செய்யும். அம்மோனியா ஏறினாலோ வேறு நுண்ணுயிர் புகுந்தாலோ ஒரே இரவில் வாளி காலி. குஞ்சுத் தொட்டியில் அன்று பிறந்த சில நூறு வாய்கள் காத்திருக்கும். அதனால் பழகியவர்கள் ஒரே வாளியை நம்புவதில்லை. வேறு அறையில் இன்னொன்று, அங்கே தனிக் கரண்டி, தனிச் சல்லடை என்று வைத்திருப்பார்கள்.

நாலைந்து நாளுக்குப் பிறகு குஞ்சின் வாய் விரிகிறது. அடுத்த இரை ஆர்ட்டீமியா. வறண்ட முட்டைகளாக டின்னில் வருவது. உப்புத்தண்ணீரில் காற்றடித்து வைத்தால் ஒரு நாளில் பொரிந்து, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆரஞ்சுத் துகள்களாக நீந்தும். உலகச் சந்தைக்கு இதன் பெரும் ஊற்று அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரி. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இதன் ஓர் இனம் வாழ்கிறது.

வயிறு நிறைவது வேறு, ஊட்டம் கிடைப்பது வேறு. கடல் மீன் குஞ்சின் மூளையும் கண்ணும் நரம்பும் உருவாக டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் கட்டாயம் வேண்டும். அதைத் தேவையான அளவில் தானே தயாரிக்கும் திறன் பெரும்பாலான கடல் மீன்களுக்கு இல்லை. கடலில் அது பாசியிலிருந்து மிதவை உயிர்களுக்கும், அவற்றிலிருந்து மீனுக்கும் ஏறி வருகிறது. ரொட்டி ஈஸ்ட்டைத் தின்று வளர்ந்த ரோட்டிஃபரிலோ அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாவிலோ அது மிகக் குறைவு. அப்படிப்பட்ட இரையைத் தின்ற குஞ்சு வயிறு புடைக்க இருக்கும். ஒருநாள் யாரோ தொட்டியின் விளிம்பைத் தட்டினால் அதிர்ச்சியில் விறைத்து விழுந்து செத்துப்போகும். பண்ணைகளில் பலகாலம் புரியாத மரணமாக இருந்தது இது. இப்போது இரைக்கே முதலில் டி.எச்.ஏ. நிறைந்த பாசியையோ எண்ணெய்க் கலவையையோ ஊட்டி, அதன்பின் அந்த இரையைக் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டினால் எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் கோமாளிக் குஞ்சு உருமாறுகிறது. கண்ணாடி உடம்பில் நிறம் ஏறும். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை விழும். நீரின் நடுவில் அலைந்தது அடித்தளத்தைத் தேடி இறங்கும். இந்தக் கட்டத்தைக் கடந்தவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மண்டபமும் பரங்கிப்பேட்டையும்

தமிழ்நாட்டில் இந்த வித்தை வேரூன்றிய இடங்களில் முதன்மையானது மண்டபம். 1947இல் சென்னையில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் மண்டபத்துக்கு வந்தது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபம் அதன் பெரிய மண்டல மையமாக நீடிக்கிறது. ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. வளைகுடாவின் பவளத் தீவுகளுக்கருகில் வாழும் சேபா கோமாளி மீனையும் வேறு கோமாளி இனங்களையும் ஜி. கோபகுமார் தலைமையிலான குழுவினர் இங்கே பெருக்கிக் காட்டினார்கள்.

அதைவிட நுட்பமான வேலை டாம்செல் மீன்களில் நடந்தது. டாம்செல் கோமாளிக்கு உறவுக்காரி. அதுவும் முட்டையை ஒட்டிவைத்துக் காவல் காக்கும். ஆனால் முட்டை சிறியது, குஞ்சு இன்னும் சிறியது, அதன் வாய்க்கு ரோட்டிஃபரே பெரிது. மண்டபத்தார் கோப்பிபாட் என்ற நுண் ஓட்டுடலிகளைத் துணைக்கழைத்தார்கள். கடலில் மீன்குஞ்சுகளின் இயல்பான இரை அதுதான். அதன் இளம்பருவம் ரோட்டிஃபரைவிடச் சிறியது, டி.எச்.ஏ. அதில் இயற்கையாகவே நிறைந்திருக்கிறது. விட்டுவிட்டுத் துள்ளும் அதன் நகர்ச்சை குஞ்சின் கண்ணை இழுக்கும். வளர்ப்பதுதான் கடினம்: மெதுவாகப் பெருகும், நெருக்கடி தாங்காது. பச்சைத் தண்ணீரில் கோப்பிபாட்டைப் பெருக்கி அதற்குள்ளேயே டாம்செல் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் முறை அங்கே கைகூடியது. உயிர் இரையில் இப்படிப் பழகிய மண்டபம்தான் 2010இல் இந்தியாவில் முதன்முறையாகக் கடல் விரால் எனப்படும் கோபியாவையும், அடுத்த ஆண்டு வெள்ளிப் பாம்பனோவையும் குஞ்சு பொரிக்கவைத்தது. அலங்கார மீனும் உணவு மீனும் தொடங்குவது ஒரே பாசி அறையில்தான்.

பரங்கிப்பேட்டையில் வேறொரு கேள்வி எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே கிடைப்பது ஆற்றுநீர் கலந்த உவர்நீர். மழைக்காலத்தில் உப்பு இன்னும் குறையும். பவளப்பாறை மீனுக்கு அது ஒத்துவருமா? டி.டி. அஜித்குமாரும் அவருடைய குழுவினரும் கோமாளி மீன்களைப் படிப்படியாகக் குறைந்த உப்புக்குப் பழக்கி, முகத்துவாரத் தண்ணீரிலேயே பல இனங்களைப் பெருக்கினார்கள். ஆழ்கடலிலிருந்து தெளிந்த நீரைக் கொண்டுவரும் செலவு அதனால் மிச்சமானது. சாதாரணக் கரையோரக் குடும்பமும் இந்தத் தொழிலில் இறங்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது. பிற்பாடு லட்சத்தீவின் அகத்தித் தீவில் தேசிய மீன் மரபுவளப் பணியகம் அமைத்த மையத்தில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால்களையும் கோமாளி மீன்களையும் வளர்க்கப் பயிற்சி பெற்றார்கள்.

கூலாய்க்காரருக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. உப்பு குறையக் குறைய மூட்டைச் செலவும் குறையும்.

சிறிய வாய், பெரிய சுவர்

அப்படியானால் நீல டாங்? அங்கேதான் சுவர் எழுகிறது. டாங்கும் ஏஞ்சலும் முட்டையை ஒட்டிவைப்பதில்லை, காவல் காப்பதும் இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டைகளை ஆயிரக்கணக்கில் நீரோட்டத்தில் விட்டுவிடுகின்றன. எண்ணிக்கைதான் அவற்றின் பாதுகாப்பு. ஏறத்தாழ ஒரு நாளில் பொரியும் குஞ்சுக்குப் பிறக்கும்போது வாயும் இல்லை, பார்வையும் இல்லை. மஞ்சள்கருவைச் சுமந்துகொண்டு மிதக்கும் ஒரு கோடு அவ்வளவுதான். மூன்றாம் நாள் வாய் திறக்கும். அதே நாளில் மஞ்சள்கருவும் தீர்ந்துபோயிருக்கும். அந்த வாய்க்கு 100 மைக்ரான் ரோட்டிஃபரும் மலை. 40 முதல் 70 மைக்ரான் அளவுள்ள இரை, வேண்டிய நெருக்கத்தில், அந்த ஒரே நாளில் சுற்றிலும் இருந்தால் பிழைக்கும்.

இந்தச் சுவரில் ஓட்டை விழுந்தது பார்வோகலானஸ் என்ற மிகச்சிறு கோப்பிபாட்டைத் தொடர்ந்து பெருக்கத் தெரிந்த பிறகுதான். 2015இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் மஞ்சள் டாங்கை முதன்முறையாக முட்டையிலிருந்து இளம் மீன்வரை கொண்டுவந்தது. 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மீன்வளர்ப்புக் கூடம் நீல டாங்கை வளர்த்தது. கிடைத்த குஞ்சுகள் 27. அந்த 27க்கே உலகெங்கும் செய்தி வந்தது. கோமாளிக்குப் பத்து நாளில் முடியும் மிதவைப் பருவம் டாங்குக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் நீள்கிறது. அத்தனை நாளும் இரைச் சங்கிலி அறுந்துவிடக் கூடாது.

எதிர்முனையில் இருப்பது இந்தோனேசியாவின் பங்காய் கார்டினல் மீன். ஜொகூர் அரோவானாப் பண்ணைக்காரர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். அரோவானாவைப் போலவே இதிலும் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது. பொரிந்த பிறகும் குஞ்சுகள் சில நாள் தந்தையின் வாயிலேயே இருந்துவிட்டு, முழு மீன் உருவத்தோடு வெளியே வருகின்றன. மிதவைப் பருவமே கிடையாது. முதல் நாளே ஆர்ட்டீமியா தின்னும். ரோட்டிஃபர் வாளியும் தேவையில்லை.

தொட்டியில் இதை வளர்க்க எளிதாக்கும் அதே குணம் கடலில் இதற்கு எமனாகிறது. மிதந்துபோய் வேறு பாறையில் குடியேற வழியில்லாததால், ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தால் அந்த இடம் காலிதான். 1933இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, 1990களில் மறுபடி கண்டெடுக்கப்பட்ட இந்த மீன் சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கில் பிடிபட்டது. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

தொட்டியில் பெருகுவது வேறு, கடலில் பிழைப்பது வேறு என்பதற்குக் கூலாய்க்கு அருகிலேயே ஒரு சாட்சி உண்டு. பூலாய் மலைப்பக்கத்திலிருந்து தெற்கே இறங்கும் பூலாய் ஆறு நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. ஆற்றின் அலையாத்திக் காடு 2003இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அருகில் மெராம்போங் கடற்புல் திட்டு. கடலியல் ஆய்வாளர் சூ சீ குவாங் தொடங்கிய தன்னார்வக் குழு, அங்கே வற்றுநேரத்தில் கடற்புல்லுக்கிடையில் நடந்து கடற்குதிரைகளை எண்ணி அளந்து பதிவு செய்தது. கடற்குதிரையிலும் சுமப்பவன் ஆண்தான். அதன் வயிற்றுப் பையிலிருந்து நூற்றுக்கணக்கில் வரும் குஞ்சுகள் தந்தையின் சிற்றுருவமாகவே பிறக்கின்றன, இரையும் எளிது. ஆனால் முதல் வாரங்களில் நீரின் மேல்மட்டத்துக்கே ஏறி, காற்றை விழுங்கி, மிதந்தபடியே செத்துப்போகும். தொட்டிச் சுவரைக் கறுப்பாக்கி, ஒளி விழும் திசையையும் நீரோட்டத்தையும் திருத்தித்தான் அவற்றைக் கீழே இறக்க முடிகிறது.

கடற்குதிரை வணிகம் 2004 முதல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது; இந்தியாவில் 2001 முதல் பிடிக்கவே தடை. எனினும் மெராம்போங் திட்டின் பெரிய இழப்பு வலையால் வரவில்லை. 2014இல் நீரிணையில் தொடங்கிய கடல் நிரப்பும் பணியின் மணல் கடற்புல்லின் ஒரு பகுதியை மூடியது. தொட்டியில் எத்தனை குஞ்சு வளர்த்தாலும் கடற்புல்லுக்கு அது ஈடாகாது.

வளர்ப்பது எதைக் காக்கும்

மீனைத் தொட்டியில் பெருக்கினால் பவளப்பாறை பிழைத்துவிடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. பிலிப்பைன்ஸ் கடலில் 1960கள் முதல் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். மீனோடு பவளமும் கருகும், பிடிபட்ட மீன்களிலும் பல வீடு சேரும் முன்பே சாகும். பண்ணைக் கோமாளி ஒன்று விற்கும்போது அப்படிப்பட்ட ஒரு வேட்டைக்குத் தேவை குறைகிறது. தொட்டியில் பிறந்த மீன் தூள் தீனி தின்னும், கண்ணாடிச் சுவருக்கு மிரளாது, நோய் குறைவு. மலேசியாவில் மெர்சிங்குக்கு அப்பாலுள்ள திங்கி, சிபு போன்ற தீவுகளைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்க 1994 முதல் தடை இருப்பதால், உள்நாட்டு ஆசைக்குப் பண்ணை மீன்தான் நேர்மையான வழி.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். கடலைச் சூடாக்குவது அலங்கார மீன் வணிகமல்ல. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. கோமாளியின் வீடான சாமந்தியும் வெளிறுகிறது. இன்னொன்று: தீவுக்காரர் ஒருவர் முறையாக வலைபோட்டுப் பிடிக்கும் சில மீன்கள் அவருடைய குடும்பத்துக்குச் சோறு, அந்தப் பாறையைக் காக்க அவருக்கு அதுவே காரணம். பாறைக்கு வெகுதொலைவிலுள்ள தொட்டிகள் அந்த வருமானத்தை மொத்தமாகப் பறித்தால் பாறைக்குக் காவலாள் இல்லாமல் போகலாம். அகத்தித் தீவுப் பாணி, அதாவது பாறைக்குப் பக்கத்திலிருப்பவரிடமே பொரிப்பகத்தையும் கொடுப்பது, இந்த வகையில் மேலானது.

பண்ணைக்குள்ளும் ஒரு சபலம் காத்திருக்கிறது. பட்டை சிதைந்த கோமாளியும் வெள்ளை படர்ந்த கோமாளியும் இயல்பானதைவிடப் பலமடங்கு விலைபோகின்றன. அந்த ஆசையில் உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வந்தால் சில தலைமுறையில் வம்சம் மெலியும். இப்படிப் பிறந்ததை ஒருபோதும் கடலில் விடக்கூடாது.

ஜொகூரின் உள்நாட்டுப் பண்ணைகளுக்குத் தாய்மீனைப் பராமரிக்கத் தெரியும், நோய் பார்க்கத் தெரியும், பொட்டலம் கட்டி விமானத்தில் ஏற்றத் தெரியும். நன்னீர்க் குஞ்சுகளுக்காக ஆர்ட்டீமியா பொரிக்கவும் தெரியும். இல்லாதது ஆர்ட்டீமியாவுக்குக் கீழே இருக்கும் படிகள்தான். ஆகவே கடல் மீனில் இறங்க நினைப்பவர் முதல் ரிங்கிட்டை மீனில் போடக் கூடாது. பாசிக் குடுவை ஒரு மாதம் கெடாமல் பச்சையாக நிற்கட்டும். ரோட்டிஃபர் வாளி இரண்டு, அடுத்த மாதமும் தாங்கட்டும். முடிந்தால் ஒரு கோப்பிபாட் தொட்டி. இவை தினமும் அறுவடை தரத் தொடங்கிய பிறகு ஒரு இணைக் கோமாளியை வாங்கினால் போதும். முட்டை தானாக வரும். வாளி தயாராவதற்கு முன் மீனை வாங்குபவர் எத்தனை முறை முட்டை கண்டாலும் குஞ்சு காண மாட்டார்.